இழவும் வெகுளியும்: ‘யுத்தம் செய்’ திரைப்படத்தில் துயருறும் துப்பறிவாளன்

துப்பறியும் கதை மரபில் துப்பறிபவருக்கும் இறந்தவருக்கும் பொதுவாக உறவு இருப்பதில்லை. ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் தம்மை நாடி வருவோரின் இழப்பை ஆராய்பவர். அவ்விழப்புக்கு உரியவர் அல்லர். அந்த விலகலே அவருடைய அறிவுக்கு வலிமை தருகிறது. தமிழ்த் திரைப்படம் இவ்விலகலைப் பலமுறை உடைத்துள்ளது. கௌதம் வாசுதேவ் மேனனின் ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் காவல் அதிகாரி ராகவன் மனைவியைப் பறிகொடுத்தவர். ஆயினும் அந்த இழப்பு அவர் துப்பறியும் தொடர்கொலை வழக்குக்கு வெளியே, கடந்த காலத்தில் நிற்கிறது. ராம்குமாரின் ‘ராட்சசன்’ (2018) படத்தில் உதவி ஆய்வாளர் அருணின் அக்காள் மகள் கொல்லப்படுவது விசாரணையின் நடுவே நிகழ்கிறது; அதன்பின் விசாரணையின் வேகம் கூடுகிறதேயன்றி அதன் திசை மாறுவதில்லை.

மிஷ்கின் இயக்கிய ‘யுத்தம் செய்’ (2011) இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. சேரன் ஏற்றுள்ள ஜே.கே. என்னும் சி.பி.சி.ஐ.டி. அதிகாரியின் தங்கை சாரு காணாமற்போயிருக்கிறாள். இந்நிலையில் சென்னையின் பொது இடங்களில், அட்டைப்பெட்டிகளில் வெட்டுண்ட கைகள் கிடைக்கும் வழக்கு அவரிடம் வருகிறது. கைகளை வெட்டியவர்கள் கொடியோர் அல்லர் என்பதே கதையின் திருப்பம். மகள் சுஜாவுக்கு இழைக்கப்பட்ட கொடுமையாலும் அவளது சாவாலும் சிதைந்து, தற்கொலை செய்துகொண்டதாக ஊரை நம்பவைத்த மருத்துவர் புருஷோத்தமனின் குடும்பமே அச்செயலைச் செய்கிறது. தேடுபவரும் இழந்தவர், தேடப்படுவோரும் இழந்தவர். ‘யார் செய்தது’ என்ற வினாவுக்கு விடை கிடைத்ததும் கதை தளர்வதில்லை. விடையை அறிந்த அதிகாரி என்ன செய்வார் என்பதே அதனினும் பெரிய மர்மமாக எழுகிறது.

இந்த அமைப்பை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. அழுகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் இழவு ஒன்று. வெகுளிக்குரிய நான்கனுள் உறுப்பறையும் குடிகோளும் அடங்கும். உறுப்பறை என்பது கை, கால் முதலியவற்றை அறுத்தல். குடிகோள் குடும்பத்துக்குக் கேடு செய்தல். புருஷோத்தமன் குடும்பத்தில் இழவு அழுகையாக முடியவில்லை. குடிகோள் என்னும் காரணத்தால் வெகுளியாக மாறியது. ஆனால் இலக்கணத்தில் வெகுளிக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட உறுப்பறை, படத்தில் வெகுளியின் விளைவாக வருகிறது. முதற்காட்சிகளில் அக்கைகளைக் கண்டு அஞ்சும் பார்வையாளர், அவை யாருடைய கைகள் என்று அறிந்தபின் அதே உறுப்பறையை வேறு உணர்வோடு எண்ண நேர்கிறது. அச்சம் பிற்பகுதியில் பரிவாகத் திரிவது பார்வையாளரின் அறத்தையே சோதிக்கிறது. படத்தின் உண்மையான துணிவு இதுவே. குருதிக் காட்சிகளில் அத்துணிவைத் தேடவேண்டியதில்லை.

இழந்தவர் நீதி கேட்கும் கதைக்குத் தமிழில் முதன்மையான முன்னோடி சிலப்பதிகாரம். கண்ணகி அழுது நின்றுவிடவில்லை. அவைக்குச் சென்று சிலம்பை உடைத்துக் காட்டினாள். மாணிக்கப் பரலா, முத்தா என்பது முற்றிலும் தடயம் சார்ந்த வாதம். சான்று ஏற்கப்படுகிறது, தவறு உணர்ந்த பாண்டியன் உயிர்விடுகிறான். மதுரை எரிவது அதன் பிறகே. புருஷோத்தமன் குடும்பத்துக்கு அந்த அவை கிட்டவில்லை. குற்றத்துக்குக் காவல் துறையினர் சிலரே உடந்தை என்பதால் சிலம்பை உடைத்துக் காட்ட ஓர் இடமில்லை. சான்றின் கட்டத்தைத் தாண்டி அவர்கள் நேரே எரியின் கட்டத்துக்குப் போய்விடுகின்றனர். ஜே.கே.யின் நிலை இன்னும் சிக்கலானது. அரசின் கையாக முறைசெய்ய வேண்டியவரும் அவரே. முறையிட வேண்டியவரும் அவரே. பாண்டியனின் இருக்கையும் கண்ணகியின் இழப்பும் ஒருவரிடமே சேர்ந்துவிட்ட நிலை அது. படம் நீதிமன்றத்தில் முடியாததற்குத் திரைப்பட வழக்கம் மட்டும் காரணமன்று. கதைக்குள்ளேயே அதற்கான காரணம் உள்ளது.

கையறுநிலைப் பாடல்களில் இழந்தவர் பேசுவர். பேச்சே அத்துறையின் உயிர். ஜே.கே. பேசுவதில்லை. குனிந்த தலை, தாழ்ந்த குரல், முகத்தைத் தவிர்த்துக் காலடிகளில் நெடுநேரம் தங்கும் ஒளிப்பதிவுக் கருவி ஆகியன புலம்பலின் இடத்தை நிரப்புகின்றன. மிஷ்கினின் பிற படங்களிலும் காணப்படும் இவ்வுத்தி சிலவேளை வெறும் பாணியாகத் தேய்வதுண்டு. இங்குப் பொருளோடு பொருந்துகிறது. பாலத்தின் மேல் பலரைத் தனியே எதிர்கொள்ளும் சண்டையில்தான் ஜே.கே.யின் வெகுளி முதன்முறையாக உடலில் வெளிப்படுகிறது. தாய் அன்னபூரணியாக நடித்த லட்சுமி ராமகிருஷ்ணன் அப்பாத்திரத்துக்காகத் தலையை மழித்துக்கொண்டார். துயரின் பழைய அடையாளமான மழித்த தலை, இங்குப் பழிதீர்க்கத் துணிந்த ஒரு தாயின் தோற்றமாகிறது.

குறை இல்லாமல் இல்லை. கொடுமை இழைத்தோர் பணமும் வக்கிரமும் மட்டுமே உடையவராகத் தட்டையாக வரையப்பட்டுள்ளனர். முன்கதையும் வேண்டிய அளவுக்கு மேல் விளக்கப்படுகிறது. அதுவரை காட்சியால் ஊகிக்கவைத்த படம் அங்கே உரையாசிரியர் வேலையை மேற்கொள்கிறது.

தலைப்பு முன்னிலை ஒருமை ஏவல். ஏவுபவர் யார், ஏவப்படுபவர் யார் என்பதைப் படம் வெளிப்படையாகக் கூறவில்லை. முற்பகுதியில் அது தங்கையைத் தேடும் அதிகாரியை நோக்கிய சொல்லாகக் கேட்கிறது. குடும்பத்தின் கதை விரிந்தபின் அன்னபூரணிக்கும் அச்சொல் உரியதாகிறது.