ஆழ உழுவதா, அகல உழுவதா? அறிவியல் ஆய்வில் தீராத கேள்வி

புது தில்லி: "அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல்" என்பது உழவர் வாக்கு. நமது அறிவியல் ஆய்வுக்கூடங்களும் நெடுங்காலமாக இந்த வாக்கின் வழியிலேயே நடந்து வருகின்றன. மாணவர் ஒருவர் முதலில் ஒரு பாடத்தையும், பின்னர் அதில் ஒரு பிரிவையும், முனைவர் பட்டத்துக்கு வரும்போது அப்பிரிவில் ஒரேயொரு சிக்கலையும் தேர்ந்துகொள்கிறார். இந்த ஆழம் நாட்டுக்குத் தந்தது என்ன, இழக்கச் செய்தது என்ன என்ற கேள்வி கல்வியாளர்களிடையே இன்றும் ஓயவில்லை.

ஆழத்தின் பயனுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், உயிரணுவில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வை 1978-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். அதன் சிறிய பகுதியின் அணு அளவிலான அமைப்பை அவரது குழு வெளியிட்டது 2000-இல். இடையில் 22 ஆண்டுகள். பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் நோய் எதிர்ப்பு மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை விளக்க உதவிய இந்தப் பணிக்காக, 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அவர் மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இஸ்ரோவின் கிரையோஜெனிக் என்ஜின் கதையும் இத்தகையதே. 1994-இல் தொடங்கிய இத்திட்டம் 2010-இல் தோல்வியைச் சந்தித்து, 2014 ஜனவரியில்தான் வெற்றி கண்டது. ஒரே தொழில்நுட்பத்தில் இரு பத்தாண்டுகள் ஊன்றி நின்ற வல்லுநர்கள் இல்லையேல் அந்த வெற்றி கைகூடியிராது.

இளம் ஆய்வாளர்களைப் பொருத்தவரை குறுகிய களம் என்பது விருப்பம் மட்டுமல்ல, கட்டாயமும் ஆகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முனைவர் பட்ட ஆய்வின் குறைந்தபட்சக் காலம் 3 ஆண்டுகள். அதிகபட்சம் 6 ஆண்டுகள். சிறப்பு அனுமதியுடன் மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். உதவித்தொகையும் காலவரையறைக்கு உட்பட்டது. அதற்குள் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், களத்தைச் சுருக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மறையும் வல்லுநர்கள்

ஆனால், ஆழத்துக்கும் ஒரு விலை உண்டு. உயிரினங்களை இனம் கண்டு பெயரிடும் வகைப்பாட்டியல் துறை இதற்கு எடுத்துக்காட்டு. உலக நிலப்பரப்பில் சுமார் 2.4 சதவீதமே கொண்ட இந்தியா, அறியப்பட்ட உயிரினங்களில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதத்தைக் கொண்டுள்ளது. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1890-லும், இந்திய விலங்கியல் ஆய்வகம் 1916-லும் நிறுவப்பட்டன. இருந்தும், மூலக்கூறு உயிரியலின் பக்கம் மாணவர்களும் நிதியும் திரும்பியதால், குறிப்பிட்ட ஒரு பூச்சியினத்தையோ பாசியினத்தையோ பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடியவர்கள் அருகி வந்தனர். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இத்துறையில் திறன் வளர்ப்பதற்கென்றே 1999-இல் தனித் திட்டம் தொடங்க நேர்ந்தது. ஒருவரிடம் மட்டுமே தங்கியிருக்கும் அறிவு, அவர் ஓய்வு பெறும்போது அவருடனேயே வெளியேறிவிடுகிறது.

நீரைக் காத்த சட்டம், காற்றைத் தொட்ட கதை

இதனினும் பெரிய குறை, துறைகள் ஒன்றையொன்று பாராதிருப்பது. தலைநகர்வாசிகள் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சுவாசித்தே அறிகின்றனர். பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நிலத்தடி நீர் வேகமாகக் குறைந்ததால், கடுங்கோடையில் நெல் நடவைத் தடுக்கும் சட்டங்கள் 2009-இல் இயற்றப்பட்டன. நீரியல் நோக்கில் அது நியாயமான நடவடிக்கை. ஆனால், நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைப்புக்கு முன் வயலை ஒழிக்கும் அவகாசம் சுருங்கியது. விவசாயிகள் வைக்கோலுக்குத் தீயிடும் காலம், காற்று வேகம் குறைந்து புகை தரையோடு தேங்கும் நவம்பரை நோக்கி நகர்ந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. தில்லியின் மாசுக்கு வாகனப் புகை, கட்டுமானத் தூசு, தொழிற்சாலைகள் எனப் பிற காரணங்களும் உண்டு. எனினும், நீரியலாளர், வேளாண் அறிஞர், வானிலையாளர், மருத்துவர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் இந்த விளைவை முன்கூட்டியே கணித்திருக்கலாம் அல்லவா?

தடுப்புச் சுவர்கள்

உயர்கல்விச் சீரமைப்புக்காக அமைக்கப்பட்ட பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, அறிவைத் தனித்தனி அறைகளில் அடைத்துவைக்கும் போக்கை 2009-இல் அளித்த அறிக்கையில் கண்டித்தது. 2006-இல் புணேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி இன்று 7 இடங்களில் இயங்கும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகியவற்றைத் தொடக்க ஆண்டுகளில் சேர்த்தே கற்பித்து, அதன் பின்னரே சிறப்புத் துறைக்கு மாணவர்களை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல்துறைக் கல்வியை வலியுறுத்துகிறது.

ஆயினும் நடைமுறைச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. இரு துறைகளின் எல்லையில் பணியாற்றும் இளைஞர், ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, "இவர் எந்தத் துறையைச் சேர்ந்தவர்?" என்ற கேள்வியை எதிர்கொள்கிறார். பட்டத்தின் பெயர் பணியிடத்தின் பெயரோடு பொருந்தாவிடில், கற்ற அகலமே அவருக்குத் தடையாகிறது. பல துறைகளை மேலோட்டமாகத் தொட்டு எதிலும் ஊன்றாத ஆய்வுகளால் பயனில்லை என்ற எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது.

ராமகிருஷ்ணனின் வாழ்க்கையே இதற்கு ஒரு விடை தருகிறது. அவர் 1976-இல் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியலில். அதன் பிறகு கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் பயின்றார். ராமனின் மாணவரான இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954-இல் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பை முன்வைத்தார். 1971-இல், ஊடுகதிர்ப் பதிவுகளிலிருந்து உடலின் உட்புறப் படத்தை மீட்டெடுக்கும் கணித முறையை மற்றொருவருடன் இணைந்து அளித்தார். இவ்விருவரும் ஆழத்தைக் கைவிடவில்லை. வேலியைத் தாண்டத் தயங்கவும் இல்லை.

ஆழ உழும் ஆய்வாளர் நாட்டுக்குத் தேவை. ஆனால், அவர் தலை நிமிர்ந்து அடுத்த வயலைப் பார்க்கவும், தேவையெனில் அங்கே சென்று உழவும் நமது பல்கலைக்கழகங்களின் விதிகள் இடம் தர வேண்டும். மாணவர்களின் மனத்தை மாற்றுவதைவிட, வேலைக்கு ஆள் எடுக்கும் படிவங்களை மாற்றுவதே இதில் முதற்படியாக இருக்கக்கூடும்.