மசக்கைக்கு ஊசி வைத்தியம்: ஸ்கேனை நிறுத்தச் சொன்னால் எழுந்து வாருங்கள்!

(நமது நிருபர்)

"வாந்தி நிக்கலையா? ஒரே ஒரு ஊசி. நாளைக்கே சாம்பார் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவே, பாரு!"

எதிர்வீட்டு அம்மாள் இப்படிச் சொன்னபோது என் அக்கா பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பிள்ளை. எட்டாவது வாரம். காலையில் குடித்த காபி தங்கவில்லை. மதியம் சாப்பிட்ட ரசம் சாதமும் தங்கவில்லை. இந்த நிலையில் யார் எந்த வழி சொன்னாலும் போகத்தான் தோன்றும். போனோம்.

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. வாசலில் பெரிய போர்டு. உள்ளே பெஞ்சில் ஏழெட்டுப் பேர். மூட்டுவலி, சர்க்கரை, குழந்தை இல்லாதவர்கள் என்று எல்லா நோய்க்கும் ஒரே அறை. சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் நாலைந்து. எதிலும் படித்த கல்லூரியின் பெயர் சரியாகத் தெரியவில்லை.

அக்காவின் முறை வந்தது. வைத்தியர் நாடி பிடித்தார். "உடம்புல சூடு ஏறிப்போச்சு" என்றார். கடைசியாகத் தீட்டு வந்த தேதி எது, ரத்தக்கசிவு உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. ஸ்டீல் தட்டில் ஸ்பிரிட் பஞ்சோடு ஊசிகள் கிடந்தன. ஒன்றை எடுத்தார். அக்காவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தடவிப் பார்த்தார்.

"சார், இவங்க முழுகாம இருக்காங்க. அந்த இடத்துல குத்தலாமா?" என்று கேட்டேன்.

"தம்பி, நான் எத்தனை வருஷமா குத்தறேன் தெரியுமா?" என்றவர், அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "சத்து மாத்திரை எல்லாத்தையும் இன்னையோட நிறுத்திடும்மா. ஸ்கேன் பக்கமே போகாதே. அந்தக் கதிர் புள்ளைக்கு ஆகாது."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். முன்னாலேயே கட்டிய 300 ரூபாய் போனது போனதுதான். இறங்கி வந்துவிட்டோம்.

போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டுமாகத் திரிகிற நிருபருக்குச் சந்தேகம்தான் பிழைப்பு. கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தில் இந்த ஊசி வைத்தியம் ஆகுமா, ஆகாதா? விசாரித்ததில் தெரிய வந்தவை இதோ.

சீனாவிலிருந்து கல்கத்தாவுக்கு!

அக்குபஞ்சர் என்பது சீன ஊசி வைத்தியம். தலைமுடியைவிடக் கொஞ்சம் கனமான ஊசி. மருந்து ஏற்றும் ஊசி போல் இதில் துளை கிடையாது, மருந்தும் கிடையாது. நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பிஜோய் குமார் பாசு. 1938-ல் டாக்டர் கோட்னிஸுடன் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர். 1958-ல் மறுபடி சீனா போய் இதைக் கற்றுக்கொண்டு கல்கத்தாவில் தொடங்கினார். 2019-ல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே, ஊசி குத்துவது என்றாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது.

593 பெண்களிடம் சோதனை

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் 14 வாரத்துக்கு உட்பட்ட 593 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவு 2002-ல் வெளிவந்தது. நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறையான ஊசி வைத்தியம். இன்னொன்றுக்கு மணிக்கட்டுப் புள்ளி மட்டும். மூன்றாவதுக்குப் பெயருக்குக் குத்தும் போலி ஊசி. நான்காவதுக்கு ஒன்றுமே இல்லை.

முறையாக ஊசி வைத்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே குமட்டல் குறைந்தது. மணிக்கட்டு ஊசிக்கு இரண்டாவது வாரம். வேடிக்கை என்னவென்றால், போலி ஊசி வாங்கியவர்களுக்கும் மூன்றாவது வாரத்தில் குமட்டல் குறைந்தது! வாந்தி மட்டும் எந்தப் பிரிவிலும் வித்தியாசப்படவில்லை.

நமக்கு வேண்டிய சேதி அடுத்தது. இந்தப் பெண்களின் பிரசவம் வரை பார்த்தார்கள். கரு கலைந்தது, குழந்தைக்குக் குறை என்று எதிலும் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சி பெற்றவர் கையில் பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. குமட்டல் கொஞ்சம் குறையலாம். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

மணிக்கட்டுப் புள்ளி எது என்று கேட்பவர்களுக்கு: உள்ளங்கையை மேலே திருப்பி வையுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் விரல் மூன்றின் அகலம் தள்ளி, நடுவில் இரண்டு நரம்பு போலத் தெரியும் இடத்துக்கு இடையில். ஊசியே வேண்டாம் என்பவர்கள் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். செலவில்லை, ஆபத்தில்லை.

குத்தக்கூடாத இடங்கள்!

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் அக்குபஞ்சர் பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. முதல் 3 மாதத்தில் அடிவயிற்றிலும் இடுப்புக்குப் பின்புறமும் குத்தக்கூடாது என்பது பரம்பரை விதி என்று அதில் இருக்கிறது. சில புள்ளிகளை முறுக்கித் தூண்டினால் கர்ப்பப்பை இறுகலாம் என்றும் எச்சரிக்கிறது.

வைத்தியர்கள் வழக்கமாக ஒதுக்கும் மற்ற இடங்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, உள் கணுக்காலுக்கு மேலே நாலு விரல், தோள்பட்டையின் உச்சி, கால் சுண்டுவிரல் நக ஓரம். அக்காவின் கையில் அந்த மனுஷர் தடவியது இதில் முதல் இடம்!

அங்கே குத்தியதால்தான் கரு கலைந்தது என்று ஆய்வில் நிரூபணம் கிடையாது. அப்புறம் ஏன் ஒதுக்க வேண்டும்? கர்ப்பம் என்று தெரிந்த நூறு பேரில் 10 முதல் 20 பேருக்குத் தானாகவே கரு கலைகிறது. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். பாதிக்குப் பாதி கருவின் குரோமோசோம் கோளாறு; தாய் செய்த தப்பு இல்லை. ஆனால் முந்தின நாள் அங்கே ஊசி குத்தியிருந்தால் அந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னையே நொந்துகொள்வாள். வேறு இடம் இருக்கும்போது அந்தப் பாரம் எதற்கு?

தட்டில் கிடந்த ஊசி

ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1984-ல் நடந்தது இது. ஒரே அக்குபஞ்சர் வைத்தியரிடம் போன 35 பேருக்கு ஹெபடைடிஸ் பி மஞ்சள்காமாலை!

இந்தக் கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் கண் முன்னால் புதுப் பாக்கெட் பிரிக்க வேண்டும். குத்தி எடுத்ததை உடனே குப்பை டப்பாவில் போட வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியைவிடக் கூர்மையான வாய்!

அக்காவை அடுத்த நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நடந்ததைக் கேட்ட டாக்டர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊசி குத்துனதுல எங்ககிட்ட வர்றவங்க கம்மி தம்பி. 'மாத்திரை வேணாம், ஸ்கேன் வேணாம்'னு சொன்னதைக் கேட்டு லேட்டா வர்றவங்கதான் எங்களுக்குப் பயம்" என்றார்.

அவர் விளக்கியது இது. முதல் மாதங்களில் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை பிள்ளையின் முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும். அந்த உறுப்பு கரு உண்டான 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல்.

ஸ்கேனில் கதிர் எதுவும் கிடையாது. அது ஒலி அலை. கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, குழாயில் ஒட்டிக்கொண்டதா என்று முதல் ஸ்கேனில்தான் தெரியும். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு இப்படி இடம் மாறி உட்காரும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆரம்பத்தில் அதற்கும் அறிகுறி வயிற்றுவலி, தலைச்சுற்றல்தான். "சூடு" என்று சொல்லி ஊசி குத்தி அனுப்பினால் உயிர் போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் 28 வயது ஆசிரியை ரத்தம் போய் இறந்தார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவரைப் போலீசார் கைது செய்தனர். அங்கே ஊசி இல்லை. ஆனால் பேச்சு ஒன்றுதான்: டாக்டர் வேண்டாம், மாத்திரை வேண்டாம், இயற்கை பார்த்துக்கொள்ளும்!

இரண்டாவது இடம்

ஸ்கேனில் எல்லாம் சரி. அரிசி போல ஒன்று படபடவென்று துடித்தது. டாக்டர் அம்மாள் வாந்திக்கு மாத்திரை எழுதினார். "ஊசியும் வெச்சுப் பாக்கணுமா? படிச்சவங்ககிட்ட போங்க. என் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார்.

படித்தவர் என்றால் யார்? எம்.பி.பி.எஸ். முடித்துத் தனியாக இதில் பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பி.என்.ஒய்.எஸ். என்ற ஐந்தரை வருஷ யோகா, இயற்கை மருத்துவப் படிப்பிலும் அக்குபஞ்சர் பாடம் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது.

அப்படிப் படித்த ஒரு பெண் டாக்டரிடம் போனோம். முதல் கால் மணி நேரம் ஊசியையே தொடவில்லை. எத்தனை வாரம், ஸ்கேன் எங்கே, ரத்தக்கசிவு உண்டா, முன்னால் கரு கலைந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ ஆஸ்பிரினோ எடுக்கிறாயா என்று வரிசையாகக் கேள்வி. "காலையில என்ன சாப்பிட்ட? வெறும் வயித்துல குத்த மாட்டேன், மயக்கம் வரும்" என்று பிஸ்கட் தின்ன வைத்தார். புதுப் பாக்கெட் பிரித்தார். மணிக்கட்டில் இரண்டு ஊசி. முறுக்கவில்லை, கரண்ட் வைக்கவில்லை. "தலை சுத்தினா உடனே சொல்லு, எடுத்துடறேன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மேல்மாடிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

ஊசிக்குப் போகும் முன்...

* முதலில் டாக்டர், ஸ்கேன். பிறகுதான் ஊசி. 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். அரசு நிதியுதவிக்கும் அது முக்கியம்.

* "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். கோபப்படுகிறவரிடம் கை நீட்டாதீர்கள்.

* கர்ப்பம் என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். நாள் தள்ளிப்போய் சந்தேகம் என்றாலும் சொல்லுங்கள்.

* கருவைத் தங்க வைக்கிறேன் என்று யாராவது ஊசி குத்த வந்தால் நம்பாதீர்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

இவற்றுக்கு ஊசி வைத்தியம் வேண்டவே வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான்: குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போவது, எடை இறங்குவது, ரத்தக்கசிவு, ஒரு பக்கமாக வயிற்றுவலி, தோள்வலி, மயக்கம், காய்ச்சல். ராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அக்கா இப்போது பதினைந்தாவது வாரத்தில் இருக்கிறாள். நாலு தடவை ஊசி வைத்துக்கொண்டாள். மாத்திரையும் சாப்பிட்டாள். குமட்டல் குறைந்துவிட்டது. ஊசியாலா, மாத்திரையாலா, நாள் ஆனதாலா என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. மூன்றுக்கும் பங்கு இருக்கட்டும் என்கிறாள்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள் வந்தார். அவர் மருமகளுக்கும் நாள் தள்ளிப் போயிருக்கிறதாம். "அந்த ஜெராக்ஸ் கடை மாடிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அக்கா எழுந்து கைப்பையை எடுத்தாள். "மாடிக்கு அப்புறம் போகலாம் மாமி. முதல்ல ஸ்கேன் எடுத்துடலாம், நானே கூட வர்றேன்" என்றாள்.