கானாவில் மின்சாரம் போனது நல்லதாகப் போயிற்று

சில ஆண்டுகளுக்கு முன், காலை நிகழ்ச்சியின் நடுவே பாடல்களை ஒலிபரப்பும் கணினி அப்படியே நின்றுவிட்டது. ஒலிவாங்கி மட்டும் வேலை செய்தது. எவ்வளவு நேரம்தான் பேசியே சமாளிப்பது? தொழில்நுட்பப் பிரிவு அண்ணன் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். உள்ளே பழைய சிடிக்கள். “இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமே அண்ணே” என்று அதற்கு முந்திய மாதம் அவரிடம் சொன்னவள் நான்தான்.

துறைமுகப் பாதுகாப்பு பற்றி ஓர் அங்கம் தயாரிக்கப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. துறைமுகத்துக்கு ஆபத்து என்றால் நமக்குக் கடற்கொள்ளையர் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இனி வரப்போகும் ஆபத்துகளில் பல, கப்பலேறி வரவேண்டிய அவசியமே இல்லாதவை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று

2017 ஜூன் 27. உக்ரேனில் பலர் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக ‘நாட்பெட்யா’ என்ற தீங்குநிரல் பரவியது. குறி உக்ரேன்தான். ஆனால் அங்கு அலுவலகம் வைத்திருந்த டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள்ளும் அது நுழைந்தது. பல நாடுகளில் அந்நிறுவனம் நடத்தும் முனையங்கள் முடங்கின. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் உள்ள முனையமும் தப்பவில்லை. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, யாருக்குப் போகவேண்டும் என்று தெரியாமல் வாயில்களில் லாரிகள் காத்து நின்றன. ஊழியர்கள் காகிதத்தையும் வாட்ஸ்அப்பையும் வைத்துச் சமாளித்தார்கள்.

யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் முக்கிய வழங்கிகள் அந்நிறுவனத்திடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பதுதான் ஏற்பாடு. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்றே ஒன்று. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கு மின்சாரம் போயிருந்தது!

அதிலிருந்த தரவை இணையத்தில் அனுப்பப் போதிய வேகம் இல்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் நைஜீரியா வரை பறந்து, விமான நிலையத்தில் மற்றோர் ஊழியரிடம் வன்தட்டை ஒப்படைத்தார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு 4,000 வழங்கிகளையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக அமைத்தார்கள். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டாலர் வரை.

இது தனிக்கதை அல்ல. 2023 ஜூலையில் மீட்புத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று ஜப்பானின் நகோயா துறைமுகத்தைத் தாக்கியது. மிரட்டல் கடிதம் அங்கிருந்த பிரிண்டரிலேயே அச்சாகி வந்தது. கொள்கலன் பணிகள் இரண்டு நாளுக்கு மேல் நின்றன. அதற்கு முன், 2011 முதல் 2013 வரை, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் போதைக் கும்பல் ஊடுருவிகளை அமர்த்தி, தன் சரக்கு ஒளிந்திருந்த கொள்கலன்களை உரியவர் வருவதற்கு முன்பே எடுத்துச் சென்றது. அவர்களின் முதல் ஆயுதம், ஊழியர்களுக்கு வந்த ஒரு சாதாரண மின்னஞ்சல். அது தடுக்கப்பட்டதும் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து, எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் உளவுக் கருவியை ஒளித்து வைத்தார்கள்.

கெப்பல் கற்பித்தது

நம் ஊருக்கு வருவோம். 2024ல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், இருபது அடி கணக்கில், 4.1 கோடிக்கு மேல். துவாஸில் ஓட்டுநர் இல்லா வாகனங்கள் பெட்டிகளைச் சுமந்து ஓடுகின்றன. 2040களில் அது முழுமையடையும்போது 6.5 கோடி கொள்கலன்களைக் கையாள முடியும். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எனவே அங்கே ஒரு திரை இருண்டால், அது நம் சமையலறையைத் தொட அதிக நாள் ஆகாது.

செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரத் தொடங்கியபோது அதற்கு ஒரு முன்னோட்டம் கிடைத்தது. அட்டவணைகள் குலைந்து, கப்பல்கள் கூட்டமாக வந்தன. 2024 மே மாதம் இங்கே கரையணைய இரண்டு, மூன்று நாள் காத்திருக்க நேர்ந்தது. அப்போது கைகொடுத்தவற்றில் ஒன்று, ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த கெப்பல் முனையத்தின் பழைய கப்பல்துறைகள். பிஎஸ்ஏ அவற்றை மீண்டும் திறந்தது.

கானாவின் வழங்கி, கெப்பலின் பழைய துறை, எங்கள் சிடி பெட்டி. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன: எல்லாவற்றோடும் இணையாத ஒன்று எங்காவது இருக்கவேண்டும். கானாவில் அது தற்செயல். தற்செயலை நம்பி ஒரு துறைமுகத்தை நடத்த முடியாது. திட்டமிட்டு, பணம் செலவழித்து, சும்மா வைத்திருக்க வேண்டும். இந்தச் ‘சும்மா’தான் வரவுசெலவுக் கூட்டங்களில் முதலில் வெட்டப்படுகிறது. சிங்கப்பூரில் அரிசி இறக்குமதியாளர்கள் குறிப்பிட்ட அளவு இருப்பு வைத்திருப்பது கட்டாயம். தரவுக்கும் அதே புத்தி வேண்டும்.

2019ல் முழுமைத் தற்காப்பில் மின்னிலக்கத் தற்காப்பு ஆறாவது தூணாகச் சேர்ந்தது. அந்தத் தூணில் நமக்கும் பங்குண்டு. தளவாட நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! சந்தேகமான இணைப்பைத் தொடும் முன், அனுப்பியவரை ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். கணினி இல்லாமல் ஒரு நாள் வேலையை எப்படி ஓட்டுவது என்று உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள்.

அந்த சிடி பெட்டியை அதன்பின் யாரும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை தூசு தட்டும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது.