பம்ப் எதைத் தொடுகிறது?

படுக்கையும் சமையல் மேடையுமாக வீடு போல ஓடும் வண்டியான மோட்டார்ஹோமில் மொட்டை மாடித் தொட்டி கிடையாது. நம் ஊர் வீடுகளில் காலையில் ஒருமுறை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டால், நாள் முழுக்க எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் தானாக இறங்கி வரும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் கூரையில் 150 லிட்டர் தண்ணீரை ஏற்றி வைத்தால் வளைவுகளில் வண்டி சாயும். அதனால் தொட்டியைக் கட்டிலுக்கோ சோபாவுக்கோ அடியில், தரையோடு ஒட்டி வைக்கிறார்கள். அங்கிருந்து தண்ணீரை மேலே தள்ள ஒரு சின்ன பம்ப். கை கழுவினாலும் அது ஓடும், டம்ளர் அலசினாலும் ஓடும், கழிப்பறையில் பெடலை மிதித்தாலும் ஓடும்.

நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில். பழையதாக வாங்கிய, இருபத்து நான்கு அடி நீள வண்டி எங்களுடையது. கோடையில் நெடுஞ்சாலை 60-ஐப் பிடித்து அல்கான்குவின் பூங்காவுக்குப் போவோம். 1893-இல் ஏற்படுத்தியது, 7,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் காடும் ஏரிகளுமாகக் கிடக்கிறது. தனியார் முகாம்கள் பலவற்றில் வண்டிக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் இருக்கும். ஹோஸை மாட்டிவிட்டால் அந்த அழுத்தத்திலேயே தண்ணீர் வரும், பம்புக்கு வேலையில்லை. மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பொது இடத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு நம் இடத்துக்குப் போய்விட வேண்டும். ஆக, மரமும் ஏரியும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில்தான் பம்ப் கட்டாயம் ஓடியாக வேண்டும். லூன் பறவை ஏரியில் கூவுவது அரை மைல் தாண்டிக் கேட்கிற இரவில், கட்டிலுக்கடியில் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் எழுந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வண்டியில் என் மாமியாரும் பேத்தியும் வருவார்கள். மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு பயணத்தில் அவர் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருப்பதைக் கவனித்தேன். “ஏன் அத்தை, தண்ணி குடிக்கலையா?” என்று கேட்டால், “ராத்திரி நான் எழுந்து போனா அந்த மெஷின் கத்துதும்மா. புள்ள முழிச்சுக்குது. விடு, காலைல குடிச்சுக்கறேன்” என்கிறார். வயதானவர் ஒருவர் பிறர் தூக்கத்துக்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே கட்டிலின் பலகையைத் தூக்கிப் பம்பைப் பார்த்தேன்.

இரண்டு கைக்குள் அடங்கும் பொருள்தான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் ரப்பர் போன்ற சவ்வு பொருத்திய தலை. அந்தச் சவ்வைத்தான் டயாஃப்ரம் என்கிறார்கள். மோட்டாரின் அச்சு சுற்றும்போது ஒரு தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தில் மூன்றோ நான்கோ சிறு அறைகள் மாறி மாறி விரிந்து தண்ணீரை உறிஞ்சுகின்றன, சுருங்கித் தள்ளுகின்றன. பரவலாகப் பயன்படும் அமெரிக்க வகை நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் கொடுக்கும். குழாயை மூடியதும் உள்ளே அழுத்தம் 55 பிஎஸ்ஐ வரை ஏறும். ஒரு பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். திறந்தால் அழுத்தம் இறங்கும், மறுபடி ஓடும்.

சவ்வு தள்ளித் தள்ளித்தான் தண்ணீரை அனுப்ப முடியும். எனவே அதிர்வு இந்தப் பம்பின் பிறவிக் குணம். அதை எடுத்துவிட முடியாது. ஆனால் நம் காதில் விழும் இரைச்சலில் பெரும்பங்கு பம்பிலிருந்து நேராக வருவதில்லை என்பதை நான் கண்டது ஒரு எளிய சோதனையில். பம்பைத் தரையோடு பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றினேன். குழாயை இழுக்காமல் மெல்ல ஓர் அங்குலம் தூக்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சமையல் மேடைக் குழாயைத் திறக்கும்படி கணவரிடம் சொன்னேன். கையில் நல்ல நடுக்கம் தெரிந்தது. சத்தமோ ஒரு முனகலாகக் குறைந்துவிட்டது. கீழே பலகையில் வைத்தேன், வண்டி முழுக்க அதிர்ந்தது.

சிறுமியாக வீணை கற்றுக்கொண்டதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. தந்தியை மட்டும் தனியாக இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. குடத்தின் மேல்பலகைக்கு அந்த அதிர்வு போய்ச் சேரும்போதுதான் நாதம் பிறக்கிறது. சிறிய பொருள் காற்றை அதிகம் அசைக்காது. அகன்ற மெல்லிய பலகை நன்றாக அசைக்கும். மோட்டார்ஹோம் முழுக்க அப்படிப்பட்ட பலகைகள்தான். எடை கூடாது என்பதற்காகச் சில மில்லிமீட்டர் பிளைவுட்டிலேயே அறைத் தடுப்பும் அலமாரியும் செய்கிறார்கள். அவற்றின் நடுவில் பம்பை முடுக்கி வைத்தால் வேறென்ன ஆகும்?

ஆகவே சத்தமாக இருக்கிறது என்று உடனே புதுப் பம்ப் வாங்க ஓடாதீர்கள். இருக்கிற பம்ப் எதையெல்லாம் தொடுகிறது என்று முதலில் பாருங்கள்.

முதல் தொடுதல் அதன் கால்கள். நான்கு காலிலும் மெத்தென்ற ரப்பர் இருக்கும், அதிர்வை விழுங்குவதற்காக. வண்டி ஆடுமே என்று பயந்து ஸ்க்ரூவை முறுக்கி இறுக்கிவிட்டால் அந்த ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடுகிறது. அப்புறம் அது இருந்தும் பயனில்லை. எங்கள் வண்டியில் பம்பைப் பொருத்தியவர் அப்படித்தான் இறுக்கியிருந்தார். ஸ்க்ரூவின் தலை ரப்பரைத் தொட்டு நின்றால் போதும். பம்ப் கையால் தள்ளினால் லேசாக அசைய வேண்டும், இடம் மட்டும் மாறக்கூடாது. அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பும் போட்டேன். சிலர் நடைபாதைக் கல் ஒன்றை ஸ்பாஞ்சின் மேல் வைத்து அதில் பம்பைப் பொருத்துகிறார்கள். கனமான அடித்தளம் அதிர்வை நன்றாகவே அடக்கும். ஆனாலும் மணிக்கு நூறு கிலோமீட்டரில் போகும் வண்டிக்குள் கட்டாத கல்லை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சட்டென்று பிரேக் பிடித்தால் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தொடுதல்தான் பலரும் தவறவிடுவது: குழாய்கள். வண்டிக்குள் ஓடுவது பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய், அரை அங்குலம். பார்த்தால் வளையும் போலிருக்கும். பம்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் துண்டு கம்பி மாதிரிதான் நிற்கும். பம்பை ரப்பரில் மிதக்கவிட்டாலும் அந்தக் குழாய் வழியே நடுக்கம் சுவருக்குப் போய்விடும். நான் செய்ததில் மிகப் பெரிய வேறுபாட்டைத் தந்தது, உறிஞ்சும் பக்கத்திலும் தள்ளும் பக்கத்திலும் ஒன்றரை அடி நீளத்துக்கு நெகிழ்வான ஹோஸ் போட்டதுதான். குடிநீருக்கு உகந்ததாக இருக்க வேண்டும், உள்ளே வலை பின்னியதாகவும் இருக்க வேண்டும். வெறும் ரப்பர்க் குழாய் உறிஞ்சும் பக்கத்தில் சப்பிப்போய் அடைத்துக்கொள்ளும். விறைப்பாக இழுத்துக் கட்டாமல் தளர்வாக ஒரு வளையம் போட்டு விடுங்கள். பம்பில் மாட்டும் இணைப்புகளுக்குள் ரப்பர் வாஷர் இருந்தால் கையாலேயே இறுக்கினால் போதும், டெஃப்லான் டேப் வேண்டாம். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் வடிகட்டியையும் கழற்றிக் கழுவிவிடுங்கள். அது அடைத்திருந்தால் பம்ப் திணறித்தான் ஓடும்.

மிச்சக் குழாய்கள் பலகை ஓட்டைகளுக்குள் நுழைந்து போகும் இடங்களில் தட்டிக்கொண்டே இருக்கும். ஹார்டுவேர் கடைகளில் குழாய் உறையாமல் இருக்கப் போடும் நுரை உறை விற்கிறார்கள், நீளவாக்கில் பிளந்தது. அதைச் சுற்றிவிட்டால் தட்டல் நின்றுவிடும். எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிக்க, பம்ப் ஓடும்போது குழாயைக் கையால் ஆங்காங்கே பிடித்துப் பாருங்கள்; பிடித்ததும் சத்தம் மாறுகிற இடம் அதுதான்.

இவ்வளவு செய்த பிறகும் ஒன்று மீந்தது. பல் தேய்க்கக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால், பம்ப் ஓடி நின்று, ஓடி நின்று ‘டக் டக் டக்’ என்றது. தண்ணீர் போவது குறைவு, பம்ப் தள்ளுவது அதிகம், அதனால் சுவிட்ச் ஓயாமல் மாறுகிறது. இதற்கு அக்யூமுலேட்டர் என்ற சிறு கலம் உண்டு. உள்ளே ஒரு சவ்வு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். பம்புக்குப் பின்னால் தள்ளும் பக்கத்தில் மாட்டினால், அமுங்கிய காற்று கொஞ்ச நேரம் தானே தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கும். முக்கால் லிட்டர் கொள்ளும் கலமே எங்களுக்குப் போதுமாக இருந்தது. பம்பை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தத்தையொட்டிக் காற்றடித்து வைக்க வேண்டும். சைக்கிள் பம்பே இதற்குப் போதும். இரவில் கழிப்பறைக்கு ஒருமுறை கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால், சில நேரம் பம்ப் ஓடாமலே வேலை முடிந்துவிடுகிறது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் புதுவகைப் பம்புகளுக்கு இந்தக் கலம் பொதுவாகத் தேவையில்லை. விலைதான் கூடுதல்.

பம்பைக் கம்பளியாலோ நுரையாலோ மூடிக் கட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மோட்டார் சூடாகும், அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். பெட்டிக்குள் வைப்பதானாலும் சுற்றிலும் காற்றுக்கு இடம் விடுங்கள். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் பம்பைத் தொட்டிக்குள் தண்ணீரிலேயே மூழ்கவிடுகிறார்கள். சத்தம் மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் தண்ணீர் தீர்ந்தபின் ஓடினால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஒரு சத்தத்தை மட்டும் மதியுங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் ஒரு நொடி ஓடி நின்றால், எங்கோ தண்ணீர் கசிகிறது, அல்லது பம்பின் வால்வு தேய்ந்து தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. கசிவென்றால் மெல்லிய பலகைகள் ஊறி அழுகும்வரை வெளியே தெரியாது. உடனே தேட வேண்டும். ஓடும் சத்தத்தோடு குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத் துப்பினால், உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது என்று பொருள். தொட்டி காலியாகவும் இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

ஒன்டாரியோக் குளிரில் இன்னொரு வேலையும் சேர்கிறது. பனிக்காலத்துக்கு முன் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைப் பம்ப் வழியே குழாய்களில் ஓட்டுவோம். புதிதாகப் போட்ட ஹோஸின் வளையத்திலும் அக்யூமுலேட்டரிலும் பழைய தண்ணீர் நின்றுவிட்டால் உறைந்து பிளந்துவிடும். கலத்தைக் கழற்றி வடித்து வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவதுதான் நல்லது. வசந்தத்தில் மாட்டும்போது காற்றழுத்தத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.