இருதயம் மாற்றலாமா?

உங்கள் வீட்டு மூலையில் மாமியார் காலத்துத் தையல் மெஷின் இருக்கிறதா? காலால் மிதிக்கிற பழைய இரும்பு மெஷின்தான். அதன் பக்கத்தில் ஒரு சின்ன மின்சார மோட்டாரைப் பூட்டி, "இனிமேல் மிதிக்க வேண்டாம்!" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். முதல் நாள் உங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். இரண்டாம் நாள் துணி ஒரு பக்கம் ஓட, நூல் ஒரு பக்கம் ஓட, 'பேசாமல் மிதித்தே தைத்திருக்கலாம்' என்று தோன்றியிருக்கும். மெஷினும் நல்ல மெஷின். மோட்டாரும் நல்ல மோட்டார். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர்தான் ஜாதகம் பார்க்கவில்லை!

இதே சமாசாரத்தைச் சென்ற மாதம் ஒரு மோட்டார் காரில் பார்த்துவிட்டு வந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்க் கடல் பக்கமாகத் திரும்பினால் கீழவைப்பார். இரு புறமும் உப்பளம். அதற்கு அப்பால் வைப்பாறு கடலோடு கலக்கிற இடம். முத்துக்குளித்துறையின் ஏழு பழைய ஊர்களில் வைப்பாறும் ஒன்று. 1961-இல் நடந்த சலாபத்தோடு முத்துக் குளிப்பு நின்று போயிற்று. வள்ளமும் வலையும் மிஞ்சின. காற்றிலே உப்பு எப்போதும் உண்டு. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கரிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஓலைக் கொட்டகையின் கீழே, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது 1964-ஆம் வருஷத்து அம்பாசிடர்.

அந்த வீட்டுப் பாட்டியம்மாவின் கணவர் தோணியிலே தண்டலாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு பாய் விரித்துப் போனவர். பிற்பாடு கையில் காசு சேர்ந்ததும், ஒரு வியாபாரியிடமிருந்து இந்தக் காரை வாங்கினாராம். பாட்டியம்மாவுக்குப் பிரசவ வலி கண்டபோது தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனது இதில்தான். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்துக்கும் இதுதான் மாப்பிள்ளை கார்.

"தம்பி, கருப்பட்டிக் காப்பி குடிக்கியளா? குடிச்சிட்டு எங்க வீட்டுச் சண்டையக் கேளுங்க" என்று ஆரம்பித்தார் பாட்டியம்மா.

சண்டைக்குக் காரணம் ஒரு பிரேக். சென்ற வருஷம் நிறைமாத கர்ப்பிணியான பேத்தியை ஏற்றிக்கொண்டு பெரிய மகன் தூத்துக்குடியிலிருந்து திரும்பியிருக்கிறார். குறுக்கே ஒரு மாடு. பிரேக்கை மிதித்தால், மிதி தரையைப் போய்த் தொட்டது. கார் நிற்கவில்லை. கியரை இறக்கி, கைப் பிரேக்கை இழுத்து, உப்பளத்து மண்கரையில் ஏற்றி நிறுத்தினார். மாட்டுக்கும் சேதமில்லை, மனிதருக்கும் சேதமில்லை. ஆனால் அன்றிலிருந்து வீடு இரண்டு பட்டுவிட்டது.

பெரியவர் சொன்னார்: "பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது எஞ்சின் போடுவோம். எல்லாவற்றையும் புதுசாக்குவோம். இல்லாவிட்டால் வண்டியை எடைக்குப் போடுவோம்." சின்னவர் சொன்னார்: "ஒரு ஆணியைக்கூட மாற்றக் கூடாது. அப்பா விட்டுப்போனபடியே இருக்கட்டும்."

இரண்டும் தப்பு என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று கேளுங்கள்.

அம்பாசிடரின் பூர்வோத்தரம்

'மாற்றவே கூடாது' என்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அம்பாசிடரே காலத்துக்குக் காலம் உறுப்பு மாற்றிக்கொண்டு வாழ்ந்த வண்டிதான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1957-வாக்கில் இதைச் செய்ய ஆரம்பித்தது. முதலில் இருந்தது பழங்காலத்துப் பக்கவாட்டு வால்வு எஞ்சின். இரண்டொரு வருஷத்துக்குள் அதை எடுத்துவிட்டு 1,489 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். 1980-ஐ ஒட்டி டீசல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு எஞ்சின் ஏறியது. சுமார் 1,800 சி.சி., சுமார் 75 குதிரை சக்தி, ஐந்து கியர். ஸ்டியரிங்கின் கழுத்திலே இருந்த கியர்க் கம்பு தரைக்கு இறங்கி வந்தது. வெளியே மட்டும் அதே உருண்டைத் தலை, அதே தொப்பை! 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. காரில்லாத பெயருக்கு 80 கோடி!

ஆக, பெரியவர் கேட்பது புதிய விஷயம் அல்ல. உடைத்துப் பிரித்த ஓர் அம்பாசிடரிலிருந்து இசுசு டீசல் எஞ்சினை வாங்கி இதில் வைக்கலாம் என்பது அவர் திட்டம். ஒரே வம்சத்து வண்டிதானே, சம்பந்தம் பொருந்தாதா?

பொருந்தும். ஆனால் சீர்வரிசை நீளும்.

எஞ்சினுக்குப் பலம் கூடினால் வண்டி வேகமாகப் போகும். வேகமாகப் போகிற வண்டியை நிறுத்தப் பழைய பிரேக் போதாது. டீசல் எஞ்சின் கனமும் அதிகம். அந்தக் கனம் முழுவதும் முன்சக்கரத்தைத் தாங்குகிற முறுக்குக் கம்பிகளின் தலையில் இறங்கும். மூக்கு தாழும். சரி, பிரேக்கை மாற்றி பூஸ்டர் வைப்போம் என்றால், அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பூஸ்டர் என்பது உங்கள் கால் பலத்தோடு எஞ்சினின் உறிஞ்சும் பலத்தையும் சேர்த்துத் தருகிற பாத்திரம். பெட்ரோல் எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கிறபோது அந்த உறிஞ்சல் தானாகவே கிடைக்கும். பழைய டீசல் எஞ்சின்களில் அது போதுமான அளவு கிடைக்காது. அதற்கென்று தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். அதை மறந்து பூஸ்டரை மட்டும் பூட்டினால், மிதி கல்லாகிவிடும். மருமகளுக்குப் புதுப் புடவை எடுத்தால் நாத்தனாருக்கும் எடுத்தாக வேண்டும் என்கிற கதைதான்!

சர்க்கார் என்ன சொல்கிறது?

இது இன்னும் பெரிய சிக்கல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. எஞ்சினை மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி முன்னதாக வேண்டும். பதிவுப் புத்தகத்திலும் அது ஏற வேண்டும். ஏறாவிட்டால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

2021 ஜூலையில் இன்னொரு விதியும் வந்தது. ஐம்பது வயது தாண்டிய கார்களையும் இரு சக்கர வண்டிகளையும் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாமே தவிர, தினசரிக் காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது.

வீட்டுச் சண்டையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் 'விண்டேஜ்' கௌரவம் போய்விடும். 'விண்டேஜ்' ஆக்கினால் பாட்டியம்மா ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு இதில் போக முடியாது. சாதாரணப் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டு, இருக்கிற வண்டியாகவே வைத்துக்கொள்வதுதான் மூன்றாவது வழி. அதற்கு வண்டி பரீட்சையில் தேற வேண்டும்.

முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும்

தூத்துக்குடியில் வயதான மெக்கானிக் ஒருவர். எஞ்சின் பக்கமே அவர் போகவில்லை. காரின் அடியிலே படுத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டித் தட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்கும்போது நீங்கள் தட்டிப் பார்ப்பீர்களே, அந்த மாதிரி. லாரிக்குச் சட்டம் தனி, பாடி தனி. அம்பாசிடருக்கு அப்படி அல்ல, பாடிதான் சட்டமும். கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டித் தகடு துருப்பிடித்தால், அது வீட்டு உத்தரத்தில் கரையான் ஏறியது போல. உப்புக் காற்றில் அறுபது வருஷம்! இரண்டு இடத்தில் 'டொக்' என்றது. அந்தத் தகடுகளை வெட்டி எடுத்து, அதே கனத்துக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். இதைச் செய்யாமல் எத்தனை குதிரை சக்தியைக் கொண்டுவந்து வைத்தாலும் பிரயோசனமில்லை.

அடுத்தது பிரேக். அந்தக் காலத்துக் கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழிதான். மிதியிலிருந்து நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வமிசம். ஒரு சக்கரத்தில் ரப்பர் வாஷர் கிழிந்து எண்ணெய் கசிந்தால், நாலு சக்கரமும் சேர்ந்து கைவிட்டுவிடும். மாட்டுக்கு முன்னால் நடந்தது இதுதான். பிற்காலத்து மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று ஒழுகினாலும் மற்றொன்று பாதி பலத்தோடாவது பிடிக்கும். அடுக்களையில் காஸ் தீர்ந்துபோனால் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருப்பது போல.

முன்சக்கரத்தில் டிரம்முக்குப் பதிலாக டிஸ்க். டிரம் என்பது மூடி போட்ட பாத்திரம். உரசுகிற சூடு உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏறப் பிடிப்பு தளரும். டிஸ்க் என்பது திறந்த தட்டு. காற்றுப் பட்டு ஆறிவிடும். கடைசிக் கால அம்பாசிடர்களுக்குக் கம்பெனியே முன்சக்கர டிஸ்க் கொடுத்திருந்ததால், உறவுக்குள்ளேயே சாமான் கிடைத்தது. 2021 விதி பிரேக்கைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனாலும் அலுவலகத்தில் கேட்டு எழுத்து மூலம் வாங்கிக்கொண்ட பிறகே மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். புத்திசாலி!

மின்சாரத்தில், டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. டைனமோ, எஞ்சின் மெல்ல ஓடும்போது மின்சாரம் போதிய அளவு தராது. சந்து திரும்பும்போது விளக்கு மங்கிக் கண் சிமிட்டுவது அதனால்தான். இதிலும் ஒரு கண்ணி உண்டு. அந்தக் காலத்துப் பல வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையைப் பாடியோடு சேர்த்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் இன்றைய ஆல்டர்னேட்டரை மாட்டினால் ஒரு நிமிஷத்தில் கருகிவிடும்.

எஞ்சின் பிழைத்தது

எஞ்சினுக்கு என்ன செய்தார்கள்? வைத்தியம்தான்; மாற்று அல்ல. நம்முடைய பெட்ரோல் மாறிவிட்டது, கவனித்தீர்களா? முன்பு அதில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் மூச்சுக்கு விஷம். ஆனால் பழைய எஞ்சினின் வால்வு அமரும் இடத்துக்கு அது ஒரு மெத்தை. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. மெத்தை போனதால், அங்கே கெட்டியான உலோக வளையங்களை இறக்க வேண்டியிருந்தது. இப்போது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் ஜவ்வையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றினார்கள். இது ஆடம்பரமல்ல. கசிகிற பெட்ரோலுக்குப் பக்கத்தில் சூடான எஞ்சின் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியவருக்கு மனசு ஆறவில்லை. "இவ்வளவு செலவு செய்தும் அதே ஐம்பது மைல் வேகம்தானா?" என்று முணுமுணுத்தார். அப்போது பாட்டியம்மா குறுக்கிட்டார்.

"தோணிக்கு மெஷின் வச்சப்ப உங்க அப்பா என்ன செஞ்சாவ? பாய்மரத்த வெட்டி அடுப்புல வைக்கலயே! மெஷின் நின்னா கரைக்கு வரணுமின்னு பாய அப்படியே சுருட்டி வச்சிருந்தாவ. அவுக வேகத்துக்கு மெஷின் வைக்கல, வீட்டுக்குத் திரும்பி வரத்தான் வச்சாவ."

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடித் தோணிகளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சின் ஏறியது. அதைக் கண்ணால் பார்த்தவரிடம் நான் என்ன வாதாட? பெரியவரும் வாதாடவில்லை.

கழற்றிய பழைய டிரம்களையும் டைனமோவையும் சின்னவர் எண்ணெய்த் துணியில் சுற்றி, பெயர் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். நாளைக்கே 'விண்டேஜ்' ஆக்க வேண்டுமானால் திரும்பப் பூட்டலாம் என்று அவருக்கு ஒரு ஆசை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி இருந்தால் இந்தக் காரியத்தை மட்டுமாவது மறக்காமல் செய்யுங்கள். கழற்றியதை மெக்கானிக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பிறகு ஊர் ஊராகத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் போயிருந்தது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் பாட்டியம்மா முன் ஸீட்டில் ஏறினார். புதிதாக வைத்த பெல்ட்டைப் போட்டுக்கொள்ள, "சேலை கசங்குது" என்று ஒரு பாட்டம் தகராறு. பின் ஸீட்டில் பேத்தியும் அவள் கைக்குழந்தையும், நானும். உப்பளத்து மண்கரை வந்ததும் பாட்டியம்மா பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த எடந்தானே? வேகமாப் போயி நிப்பாட்டு, பாப்போம்."

பெரியவர் மிதித்தார். கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. குழந்தைகூட விழிக்கவில்லை. பாட்டியம்மா ஜன்னல் வழியாகக் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, எடு. மீன் வாங்கணும்" என்றார்.