ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம்

மைவி கார் வாங்கப்போகும் கிள்ளான் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1.3 எடுப்பதா, 1.5 எடுப்பதா? பெரிய எஞ்சின் பெட்ரோல் நிறையக் குடிக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்." கார் வாங்கப் பேச்செடுக்கும் வீடுகளில் எல்லாம் எழும் பயம்தான் இது. பாதி உண்மை, மீதியைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

2017 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவியின் இரண்டு எஞ்சின்களும் ஒரே குடும்பம். இரண்டிலும் நாலு சிலிண்டர். சிலிண்டரின் விட்டமும் ஒன்றுதான், 72.5 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 1.3-இல் 80.5 மி.மீ., 1.5-இல் 90.6 மி.மீ. மெக்கானிக்குகள் ஸ்ட்ரோக் என்று சொல்லும் இந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது கிராங்க் தண்டு. பிஸ்டன் கோக்கப்படும் கை, தண்டின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதில் இரு மடங்குதான் ஸ்ட்ரோக். அப்படியானால் 1329 சிசி எஞ்சினை 1496 சிசி ஆக்கியது, அந்தக் கையில் கூடிய வெறும் ஐந்து மில்லிமீட்டர்!

அந்த ஐந்து மில்லிமீட்டர் என்ன தருகிறது? கொள்ளளவு சுமார் 12.5 சதவீதம் கூடுகிறது. சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசையும் ஏறக்குறைய அதே அளவு கூடி, 121 நியூட்டன் மீட்டரிலிருந்து 136-க்குப் போகிறது. ஆனால் குதிரைத்திறன் 94-லிருந்து 102 மட்டுமே, எட்டு சதவீதத்தை ஒட்டிய உயர்வு. நிமிடத்துக்கு 6000 சுற்றில் சிறிய எஞ்சினின் பிஸ்டன் விநாடிக்குச் சராசரியாக 16 மீட்டர் ஓடினால், பெரியதன் பிஸ்டன் 18 மீட்டர் ஓடியாக வேண்டும். உராய்வு ஏறுகிறது. சிலிண்டரின் விட்டம் மாறாததால் காற்று நுழையும் வால்வுகளைப் பெரிதாக்கவும் இடமில்லை. நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் தாழ்ந்த சுற்றில் நன்றாக இழுக்கும். உச்சத்தில் மூச்சு வாங்கும்.

இனி பெட்ரோல் கணக்கு. ஒரு டன் எடையுள்ள சிறிய கார் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட ஏறத்தாழ 20 குதிரைத்திறன் போதும். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் காற்று வரும் வழியைத் திராட்டில் தகடு பாதிக்கு மேல் அடைத்து நிற்கும். அடைப்பைத் தாண்டி உறிஞ்சுவதற்கே எஞ்சின் தன் உழைப்பில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இளநீர் வாங்கி, உறிஞ்சுகுழாயை விரலால் நசுக்கிக்கொண்டு குடித்துப் பார்த்தால் அந்தச் சிரமம் தெரியும். எஞ்சின் பெரிதாக ஆக, அதே வேலைக்குத் தகடு இன்னும் அதிகமாக மூட வேண்டியிருக்கும், விரயமும் கூடும். துன் சம்பந்தன் சாலை நெரிசலிலும் ஃபெடரல் நெடுஞ்சாலையின் காலைக் கூட்டத்திலும் பெரிய எஞ்சின் தோற்பது இதனால்தான்.

மேடு வந்தால் கதை மாறும். தைப்பூசத்துக்கு ஒரு குடும்பம் பினாங்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர், பின்னால் பை, பானை எல்லாம். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் சிறிய எஞ்சின் கியரைக் குறைத்து 4000, 5000 சுற்றில் அலறும். அந்த வேகத்தில் உராய்வு கூடும். முழு அழுத்தத்தில் எஞ்சினின் சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலும் தெளிக்கப்படும். பெரியது குறைந்த சுற்றிலேயே ஏறிவிடும். அங்கே இரண்டின் செலவுக்கும் பெரிய இடைவெளி இருக்காது. தினமும் தனியாளாக வேலைக்குப் போய் வருபவருக்கு 1.3 தாராளம். ஐவரை ஏற்றி மலை ஏறுவது வழக்கம் என்றால் 1.5 எடுக்கலாம்.

ஆனால் நம் வீடுகளில் எஞ்சினின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் சாலை வரிதான். தீபகற்பத்தில் தனியார் செடான், ஹேட்ச்பேக் கார்களுக்கு 1401 முதல் 1600 சிசி வரை ஆண்டுக்கு 90 வெள்ளி. 1601 ஆனதும் அடிப்படை வரியே 200 வெள்ளி, அதற்குமேல் சிசிக்கு 40 சென். ஒரு சிசிக்காக இரு மடங்குக்கு மேல்! காரின் எடையையோ அது உண்மையில் குடிக்கும் பெட்ரோலையோ கேட்காமல் கொள்ளளவை மட்டும் அளக்கும் வரி, வாங்குபவரின் கண்ணையும் அந்த ஒரே எண்ணில் கட்டிப்போடுகிறது. இது மாற வேண்டும்.

கொள்ளளவு மட்டும் முழுக்கதையைச் சொல்லாது என்பதற்குப் புரோட்டோன் எக்ஸோராவைப் பாருங்கள். 2009-இல் வந்த இந்த ஏழு இருக்கை வண்டிக்கு 1597 சிசி கேம்புரோ எஞ்சின். 150 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில். ஏழு பேர் ஏறினால் திணறல். எஞ்சினைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, அடுத்து வந்த எக்ஸோரா போல்டில் ஸ்ட்ரோக்கை 88-லிருந்து 86 மில்லிமீட்டராகக் குறைத்து 1561 சிசி ஆக்கினார்கள். கூடவே டர்போ. காற்றை உறிஞ்ச விடாமல் உள்ளே தள்ளிக் கொடுத்ததில், 2000 சுற்றிலேயே 205 நியூட்டன் மீட்டர் கிடைத்தது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. "இந்த மாதம் போகட்டும்" என்று எஞ்சின் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடும் நம் பழக்கத்தைச் சாதாரண எஞ்சின் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், டர்போ பொறுக்காது. அருமையான எஞ்சின்களை இப்படிக் கவனிப்பில்லாமல் சாகடிப்பது வேதனையான விஷயம். பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர்கள் எண்ணெய் மாற்றிய பதிவேட்டை முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரை அதற்குப் பிறகு பார்க்கலாம்.