தகட்டு இயக்கி இல்லாத மடிக்கணினியில் இயங்குதளம் நிறுவுதல்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள பல அரசுப் பள்ளி மாணவர் வீடுகளுக்கும் கணினியைக் கொண்டுசேர்த்தது. அக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. இத்தகைய கணினி பழையதாகி மந்தமாகும்போது, கடைக்காரர்கள் ‘ஓஎஸ் போடுதல்’ என்று சொல்லும் பணி தேவைப்படுகிறது. அதற்குத் தகட்டு இயக்கி (டிவிடி டிரைவ்) இன்றியமையாதது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் நிலவினாலும், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

மின்விசையை அழுத்தியதும் முதலில் இயங்குவது, தாய்ப்பலகையின் சில்லில் பதிக்கப்பட்ட யூஇஎஃப்ஐ என்னும் அடிப்படை நிரலாகும். அது வன்பொருள்களைச் சோதித்தபின், தொடக்க நிரல் எந்தச் சேமிப்பகத்தில் உள்ளதெனத் தேடி, அது பென் டிரைவில் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்கிறது.

இயங்குதளம் இணையத்தில் ஐஎஸ்ஓ கோப்பாகக் கிடைக்கிறது. ஒரு தகட்டின் கோப்புகளையும் அடுக்குமுறையையும் தொடக்க நிரலையும் அப்படியே அடக்கிய ஒற்றைக் கோப்பு இது என்பதால், இதைப் பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் உள்ளிருக்கும் தொடக்க நிரல் யூஇஎஃப்ஐயின் கண்ணில் படுவதில்லை. தொடக்கநிலைப் பயனர்கள் மிகுதியும் தடுமாறும் இடம் இதுவே. ரூஃபஸ் போன்ற மென்பொருள் அக்கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடங்கத்தக்க வடிவில் பென் டிரைவில் எழுதுகிறது. வென்டாய் என்னும் மென்பொருளோ பென் டிரைவில் தன் தொடக்க நிரலை ஒருமுறை நிறுவிக்கொண்டு, பிறகு காப்பி செய்யப்படும் ஐஎஸ்ஓ கோப்புகளைத் தானே திறந்து இயக்குகிறது. இருமுறைகளிலும் பென் டிரைவின் பழைய தரவுகள் முற்றாக அழியும். எழுதுமுன், கோப்பின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண், வெளியீட்டாளர் தந்த எண்ணோடு பொருந்துகிறதா எனப் பார்ப்பது அவசியம். கைபேசி இணையம் அடிக்கடி அறுபடும் கடலோர ஊர்களில் கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்க வாய்ப்புண்டு.

கணினியை இயக்கும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் போன்ற விசையை (நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்) அழுத்தினால் தொடக்கப் பட்டியல் தோன்றும்; அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸ் வகைகள் பலவற்றை வன்தட்டைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து இயக்கி, வைஃபையும் தமிழ்த் தட்டச்சும் செயல்படுகின்றனவா எனச் சோதித்தறியலாம் என்பது பெரும் வசதி. வன்தட்டின் எந்தப் பகுதியில் நிறுவுவது என்று கேட்கும் கட்டமே உண்மையில் ஆபத்தானது. தவறான பகுதியைத் தேர்ந்தால் ஒளிப்படங்களும் பாடக்குறிப்புகளும் அழிந்துபோகும் என்பதால், அவற்றை வேறொரு சேமிப்பகத்தில் முன்னரே படியெடுத்து வைத்திருக்க வேண்டும். நிறுவல் முடிந்து கணினி மறுதொடக்கம் ஆகும்போது பென் டிரைவைக் கழற்றிவிட்டால், புதிய இயங்குதளம் வன்தட்டிலிருந்தே தொடங்கும்.